இருமுறை பிறந்த கவிஞர்

காப்பியம் என்றதும் சிலப்பதிகாரமும் கம்பராமாயணமும் நம் நினைவுக்கு வருகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த இரட்சணிய யாத்திரிகத்தை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அதனைப் பாடியவர், கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றப்படும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஆவார்.

இவர் 1827-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தார். பின்னர் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். அங்கு வேதாகமத்தோடு ஏற்பட்ட பழக்கம் அவர் உள்ளத்தை மெல்ல மெல்ல மாற்றியது. சாதிக் கட்டுப்பாடு வலுவாக இருந்த அக்காலத்தில் மதம் மாறுவது என்பது உற்றார் உறவினரை இழப்பதற்கு ஒப்பானது. அதை அறிந்தும், 1858-இல் சொந்த ஊரைவிட்டுச் சென்னைக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் அவரோடு இணைந்தது.

மறுபிறப்பு என்றால் இறந்தபின் எடுக்கும் வேறோர் உடல் என்பதே அவர் வளர்ந்த மரபு. அப்பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதே அங்கு வீடுபேறு. யோவான் நற்செய்தியின் 3-ஆம் அதிகாரம் கூறும் மறுபிறப்போ, வாழும்போதே நிகழ்வது. இரவில் தேடிவந்த நிக்கொதேமு என்னும் முதியவருக்கு, நீராலும் ஆவியாலும் புதிதாய்ப் பிறக்க வேண்டும் என்று இயேசு உணர்த்துகிறார். ஞானஸ்நானத்தில் நீரில் மூழ்குவது பழைய மனிதன் இறப்பதற்கும், எழுவது கிறிஸ்துவோடு உயிர்ப்பதற்கும் அடையாளமாகும்.

இவ்வுண்மையையே அவர் காப்பியமாக்கினார். ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி, 3,000-க்கும் மேற்பட்ட பாடல்களாக அமைந்த அந்நூல் 1894-இல் வெளிவந்தது. பாவச் சுமையோடு புறப்படும் பயணி சிலுவையின் முன் அச்சுமை நீங்கப் பெறுகிறான். கந்தல் போய்ப் புத்தாடை பெறுகிறான். இறுதியில் மரண ஆற்றைக் கடந்து விண்ணக நகரை அடைகிறான். மூலக் கதையில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளையும் கவிஞர் உள்ளமுருகப் பாடிச் சேர்த்தார்.

அவர் புதிதாய்ப் பிறந்தபோது, கற்ற தமிழை உதறிவிட்டு வரவில்லை என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. கம்பரிடம் பயின்ற விருத்தமும் வைணவம் ஊட்டிய பக்திக் கனிவும் அவரோடு சேர்ந்து மறுபிறப்பு எய்தின. 1900-இல் அவர் மறைந்தார். எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், தமிழ் மாணவர்களாகிய நாம் ஒருமுறையேனும் கற்க வேண்டிய காப்பியம் அவருடையது.