நண்பனும் நாவும்: கபிலர் வாழ்வில் ஒரு பாடம்

முதலாண்டு ஆங்கில வகுப்பில் ஓ. ஹென்றியின் கதை ஒன்று படித்தோம். இருபது ஆண்டுகள் கழித்துச் சொன்ன சொல் தவறாமல் சந்திக்க வந்த நண்பன், தேடப்படும் குற்றவாளி என்று கண்டுகொள்கிறார் காவலர். தம் கையால் பிடிக்க மனம் வராமல் வேறொருவரை அனுப்பிப் பிடிக்கச் செய்கிறார். நட்பா, கடமையா? மறு ஆண்டே அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது. விடுதி உணவுக் கணக்கில் என் உயிர்நண்பன் செய்த தவறு எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. பழி சமையற்காரர் தலையில் விழுந்தது.

நான் கொல்லிமலையில் பிறந்தவன். செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரி சிலையைப் பார்த்து வளர்ந்தவன். ஆதலால் ஓரியைக் கொன்ற முள்ளூர் மன்னன் காரி எனக்குச் சிறு வயதிலேயே பகைவன். புறநானூறு படித்தபோது திடுக்கிட்டேன். குறிஞ்சி பாடுவதில் நிகரற்ற கபிலர், அந்தக் காரியைப் போற்றிப் பாடியிருக்கிறார்!

கபிலர் குறிஞ்சிப்பாட்டை இயற்றியவர். ஐங்குறுநூற்றில் குறிஞ்சிக்குரிய 100 பாடல்களும் அவருடையவை. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடினார். காரியோ ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரருக்கே கொடுத்தான். கொன்றவனும் கபிலருக்கு வேண்டியவன். மலையைப் பெற்றதும் அவர் பாடிய குலம். அவர் மௌனமாய் இருந்திருந்தால் கேட்பார் யார்?

அவர் மௌனமாய் இல்லை. நற்றிணை 320ஆம் பாட்டில், ஊரில் எழுந்த அலருக்கு உவமை சொல்கிறார். ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த பேரொலியே அந்த உவமை. ஓரியின் பழைய வெற்றிச் சிறப்பையும் அங்கே அவர் மறைக்கவில்லை. எம் முன்னோரின் அந்தக் குரல் நண்பனின் புகழுக்கு அடியில் புதைந்து போகாமல் காத்தவர் கபிலர்.

காரியிடம் நேருக்கு நேரும் பேசினார். கொடுப்பது எளிது, புலவரின் தகுதி அறிவதே அரிது. எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பதை விட்டுவிடு என்று இடித்துரைத்தார்.

மூவேந்தர் பகையால் பறம்பின் பாரி மாண்டபோது, உடன் சாகத் துடித்தது அவர் உள்ளம். கடமை தடுத்தது. பாரி மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று நின்றார், இருவரும் ஏற்கவில்லை. அவர்களைப் பார்ப்பாரிடம் அடைக்கலமாக ஒப்படைத்த பிறகே வடக்கிருந்தார். பாரியின் மகளை மலையருக்கு மணம் செய்வித்துத் தீப்புகுந்தார் என்கிறது முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு. மலையர் என்போர் காரியின் குடியினர். இடித்துரைத்தும் அந்த நட்பு அறுபடவில்லை போலும்!

நட்பு நெஞ்சுக்கு உரியது. நாவோ உண்மைக்கு உரியது. கபிலர் எனக்குக் கற்றுத் தந்தது இதுவே. மறுநாள் விடுதிக் காப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். சமையற்காரர் மீண்டும் அடுப்படிக்கு வந்தார். நண்பன் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆடியில் எங்கள் மலையில் நடக்கும் ஓரி விழாவுக்கு வரும்படி அவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வருவான் என்றே நம்புகிறேன்.