நாக்கிங்கை வென்ற மிட்ஜ்லி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

இன்று மரக்காணம் உப்பளச் சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோலில் ஏறக்குறைய 20 விழுக்காடு எத்தில் ஆல்கஹால் உள்ளது. இக்கலவையின் பயனை நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்தும் கைவிட்டவர் தாமஸ் மிட்ஜ்லி.

1889-இல் அமெரிக்காவில் பிறந்த அவர், டேட்டன் நகரில் கெட்டரிங் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், இன்ஜினின் 'நாக்கிங்' நோய்க்கு மருந்து தேடினார். நாக்கிங் நின்றால் இன்ஜினின் அழுத்த விகிதத்தை உயர்த்தலாம். அதே பெட்ரோலில் கூடுதல் தூரம் ஓடலாம். ஆல்கஹால் அதைத் தடுக்கும் என்று கண்டார். ஆனால் லிட்டருக்கு அதன் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, குளிரில் எளிதில் ஆவியாகாது, நிறையக் கலக்க வேண்டும், காப்புரிமையும் கிடைக்காது. 1921-இல் அவர் கண்ட டெட்ரா எத்தில் ஈயமோ சிறிதளவே போதும்.

அது கொடிய நஞ்சு. மிட்ஜ்லியே 1923-இல் ஈய நஞ்சால் நலிந்தார். 1924-இல் தொழிலாளர் பலர் மாண்டனர். ஆயினும் விற்பனை ஓங்கியது. பின்னர் போலியோவால் முடங்கிய அவர், படுக்கையிலிருந்து எழுவதற்குத் தாமே அமைத்த கயிற்றில் சிக்கி 1944-இல் இறந்தார். சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோலை இந்தியா 2000-இல் கைவிட்டது. உலகம் முழுவதும் ஒழிந்தது 2021-இல்.

ஆல்கஹாலால் மைலேஜ் சற்றுக் குறையும். குளிரில்லாத நம் கரையில் வண்டி கிளம்பத் தடையில்லை. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த ஈயத்தோடு ஒப்பிட்டால் அது சிறு விலையே. வேதியியல் பயிலும் நாம், மைலேஜ் கணக்கில் புகையைச் சுவாசிப்பவரையும் சேர்த்தே எழுதுவோமாக!