எழுத்துக்குள் உடம்பைக் கண்டவர்

கி.பி. 121-ம் ஆண்டு. சீன தேசத்தின் தலைநகரமான லோயாங் நகரில், அரண்மனை வாசலுக்கு ஒருவர் வந்தார். அவர் பெயர் சூ சோங். ஒரு பெரிய நூலைச் சக்கரவர்த்தியிடம் சேர்க்க வந்திருந்தார்.

அந்த நூலை அவர் எழுதவில்லை. அவருடைய தந்தை எழுதியது. தந்தை நோயாய்ப் படுத்துவிட்டார். தலைநகருக்கு வர முடியவில்லை. மகனை அனுப்பினார்.

அந்தத் தந்தைதான் சூ ஷென். சீன எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, அவற்றின் பொருளைச் சொன்ன முதல் அகராதியை எழுதியவர்.

நூல் 100-ம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. ஆனால் 21 ஆண்டுகள் அதை அவர் வெளியே விடவில்லை. எழுத்துகள் இன்னும் சரியாகத் தீர்மானமாகவில்லை என்று வைத்துக்கொண்டே இருந்தார். நோய் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பாரோ!

சிதைந்த சித்திரங்கள்

சூ ஷென் பிறந்த ஊர் ஷாவோலிங். இன்றைய ஹெனான் மாநிலத்தில் இருக்கிறது. ஜியா குய் என்ற பெரும் புலவரிடம் அவர் பாடம் கேட்டார். சீனரின் ஐந்து பழம்பெரும் நூல்களில் அவருக்கு நிகர் எவரும் இல்லை என்று அக்காலத்தார் புகழ்ந்தார்கள். அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தார். அரண்மனை நூல்நிலையத்தில் ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தும் வேலையும் அவருக்குக் கிடைத்தது.

சீன மொழியில் நம்மைப் போல் அ, ஆ கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி. ஆதியில் பல குறிகள் படங்களாகவே இருந்தன. பிறகு, சீக்கிரமாக எழுத வேண்டும் என்பதற்காகக் குமாஸ்தாக்கள் கோடுகளைச் சுருக்கினார்கள். படம் மறைந்தது. கோடு மட்டும் மிஞ்சியது.

அதனால் ஆபத்தும் வந்தது. சட்டத்தில் உள்ள ஒரு சொல்லைக்கூட அதிகாரிகள் மனம்போனபடி இரண்டாக வெட்டி, புதுப் பொருள் சொன்னார்கள். இதைக் கண்டு சூ ஷென் மனம் நொந்தார். பழைய வடிவங்களைத் தேடித் தொகுத்தார். 9,353 எழுத்துகள்! அவற்றை 540 பிரிவுகளாக வகுத்தார். அந்த அகராதியின் பெயர் ஷுவோவென் ஜியெஸி.

மூங்கிலும் ஆறும்

இந்த அகராதியில் மனித உடம்பைக் குறிக்கும் எழுத்துகள் ஏராளம். பழங்காலச் சீனர் உடம்பை எப்படி நினைத்தார்கள் என்பது அவற்றில் தெரிகிறது.

தசைநார் என்ற எழுத்தில் மூன்று துண்டுகள் உண்டு. ஒன்று மூங்கில். ஒன்று சதை. ஒன்று பலம். மூங்கில் எங்கே வந்தது? மூங்கிலைப் பிளந்து பாருங்கள். எத்தனை நார்கள்! அதனால்தான் அதைச் சேர்த்தார்கள் என்கிறார் சூ ஷென். சதைக்குப் பலம் தருவது நார் அல்லவா?

இரத்தக் குழாய்க்கான பழைய எழுத்தில் ஒரு பக்கம் இரத்தம். மறு பக்கம் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் ஆறு. சீன வைத்தியர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கும் நாடிக்கும் இதே எழுத்துதான்.

முதுகெலும்புக்கு ஓர் எழுத்து. அது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் எலும்புகளின் படம். இடுப்புக்கு ஓர் எழுத்து. இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து நிற்கும் மனிதன் அதில் தெரிகிறான். பிற்காலத்தில் அந்த எழுத்துக்கு முக்கியம் என்ற பொருள் வந்துவிட்டது. ஆகவே இடுப்பைக் குறிக்க அதன் பக்கத்தில் சதைக்குறியைச் சேர்த்தார்கள். இடுப்பை இழந்த பிறகு, மறுபடியும் இடுப்பு செய்தார்கள்!

வைத்தியர் என்ற எழுத்தின் அடியில் ஒரு மதுச்சாடி இருக்கிறது. மது அக்காலத்தில் மருந்தாகப் பயன்பட்டது என்பதே சூ ஷென் தரும் காரணம்.

நினைத்தல் என்ற எழுத்து இன்னும் விசேஷமானது. பழைய வடிவத்தில் மேலே குழந்தையின் உச்சிக்குழி, கீழே இருதயம். எண்ணம் பிறப்பது மூளையிலா, நெஞ்சிலா? அந்த எழுத்து இரண்டையும் சேர்த்தே காட்டுகிறது. இன்று அதே எழுத்தில் உச்சிக்குழி இல்லை. எழுதி எழுதித் தேய்ந்து, அது வயல் போன்ற ஒரு கட்டமாகிவிட்டது. சூ ஷென் பழைய வடிவத்தைக் காப்பாற்றி வைத்திராவிட்டால், நினைப்பதற்கு வயல் எதற்கு என்று எல்லோரும் குழம்பியிருப்பார்கள்.

இருதயம் மண்ணா, நெருப்பா?

ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகிய நான்கின் எழுத்துகளிலும் சதைக்குறி உண்டு. இருதயத்துக்கு மட்டும் அது கிடையாது. அது இருதயத்தின் படமேதான்.

மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பவை சீனரின் ஐந்து மூலப்பொருள்கள். இந்த ஐந்து உறுப்புகளும் அவற்றில் ஒவ்வொன்றைச் சேர்ந்தவை என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் எது எதைச் சேர்ந்தது? இங்கேதான் சண்டை.

வைத்தியர்கள் இருதயத்தை நெருப்பு என்றார்கள். அரசாங்கக் கல்விக்கூடத்துப் பண்டிதர்களும் அப்படியே சொன்னார்கள். பழைய ஏடுகளை நம்பிய புலவர்கள் அது மண் என்றார்கள். பூசையில் பலியிடும் மிருகத்தின் உறுப்புகளை எந்தப் பருவத்தில் எதை முதலில் படைப்பது என்ற பழைய முறையை அவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள்.

சூ ஷென் பழைய ஏடுகளின் பக்கம். இருதயம் உடம்பின் நடுவில் இருக்கிறது, அது மண்ணின் உறுப்பு என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. பண்டிதர்கள் இதை நெருப்பு என்கிறார்கள் என்றும் பக்கத்திலேயே குறித்தார். தமக்கு எதிரான கருத்தைத் தம் அகராதியிலேயே எழுதி வைத்த பெருந்தன்மை அது.

இதே விஷயத்தை இன்னொரு நூலிலும் அவர் எழுதினார். அதற்கு ஜெங் சுவான் என்ற அறிஞர் மறுப்பு எழுதினார். 127-ல் பிறந்து 200-ல் மறைந்தவர் அவர். பலி மிருகத்தில் உறுப்பு எங்கே இருக்கிறது என்பது வேறு, உயிருள்ள உடம்பில் அது என்ன வேலை செய்கிறது என்பது வேறு என்றார். வைத்தியர் கணக்கின்படி சிகிச்சை செய்தால் நோயாளி பிழைப்பான், அதைத் தலைகீழாக மாற்றினால் சாகாவிட்டாலும் நோய் முற்றிவிடும் என்று எச்சரித்தார். புலவர்களின் சொற்போரில் ஓர் உயிரும் ஊசலாடியது!

இன்று நம் கையில் இருக்கும் அகராதியில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற நான்கு உறுப்புகளும் வைத்தியர் கணக்குப்படியே இருக்கின்றன. மண்ணீரலும் மண், இருதயமும் மண். நெருப்புக்கு உறுப்பே இல்லை! துவான் யுசாய் என்ற புலவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து இந்த அகராதிக்கு உரை எழுதி, 1815-ல் அச்சிட்டார். சூ ஷென் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு கருத்தையும் எழுதியிருக்க வேண்டும், ஏடு பெயர்த்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

சூ ஷென் சொன்னவை எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. அவருக்கும் முந்திய எழுத்துகள் 1899-ல்தான் அடையாளம் காணப்பட்டன. அவை ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் பொறித்தவை. நோய்க்குறியை, நோயாளி எதிலோ சாய்ந்திருக்கும் வடிவம் என்றார் சூ ஷென். எலும்பில் இருந்த பழைய வடிவத்தில் மனிதன் கட்டிலில் படுத்திருக்கிறான். அவர் ஊகம் உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டது.

121-ம் ஆண்டில் நூலைக் கொடுத்த மகனுக்கு, அடுத்த மாதமே அரண்மனையிலிருந்து 40 சுருள் துணி பரிசாக வந்தது. ஜெங் சுவான் மறுத்த அந்த இன்னொரு நூல் பின்னாளில் அழிந்துபோயிற்று. அதிலிருந்து சில பகுதிகளே மிஞ்சின. அவற்றால், இருதயத்தைப் பற்றிய அந்த வழக்கு இன்றும் நமக்குத் தெரிகிறது.