மின்னைச் சேமித்த பெருமகனார் பிளாந்தே

சேமக்கலம் என்றதும் கோயிலிற் கேட்கும் ஓசையே நம் நினைவிற்கு வரும். பௌதிக நூலாரோ, மின்னைத் தேக்கி வைத்து வேண்டும்பொழுது ஈயும் கலத்திற்கும் அப்பெயரையே இட்டனர். இச்சொல்லை மாணாக்கர்க்கு விளக்குந்தோறும் அக்கலத்தை ஆக்கியவர் வரலாற்றையும் உடன் கூறுதல் என் வழக்கம்.

கஸ்தோன் பிளாந்தே என்பார் 1834ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆந் திகதி, பிரான்சு தேசத்தின் தென்மேற்கிலுள்ள ஓர்தே நகரிற் பிறந்தார். பியானோ இசையிற் புகழெய்திய பிரான்சிசு பிளாந்தே இவர் தம்பியார். 1854இல் பாரிசு நகரத்துக் கலைத்தொழிற் கல்லூரியிற் பௌதிகத் துணை விரிவுரையாளராய் அமர்ந்தார். மறு வருடம், அணித்தாயுள்ள மெதோன் என்னுமிடத்திற் பண்டைக் காலப் பெரும்பறவை யொன்றின் எலும்பைக் கண்டெடுத்தார். அப்பறவையினம் இவர் பெயராலேயே கஸ்தோர்னிசு என வழங்கலாயிற்று.

அக்காலத்து மின்கலங்கள் உள்ளிருந்த பொருள் தீர்ந்ததும் பயனற்றொழிந்தன. 1859இல் பிளாந்தே இரண்டு ஈயத்தகடுகளை எடுத்து, ஒன்றையொன்று தொடாவண்ணம் இறப்பர்ப் பட்டிகளை இடையிட்டுச் சுருளாகச் சுற்றி, ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தினார். மின்னோட்டஞ் செலுத்தவே, ஒரு தகட்டில் ஈயவீரொட்சைட்டு உண்டாயிற்று; மற்றையது ஈயமாகவே நின்றது. பின்னர் இரண்டையுங் கம்பியால் இணைத்தபோது மின் எதிர்த்திசையிற் பாய்ந்தது. தீர்ந்தபின் மீளச் செலுத்த, கலம் மீளவும் நிறைந்தது. 1860இல் ஒன்பது கலங்கள் கொண்ட அடுக்கொன்றை விஞ்ஞானப் பேரவையின் முன் வைத்தார்.

ஆயினும் உலகம் அதனை உடனே கைக்கொண்டிலது. நல்ல மின்பொறிகள் அன்று இல்லாமையின், சேமக்கலத்தை நிரப்புதற்கும் பழைய மின்கலங்களையே நாடவேண்டியிருந்தது. தகடுகளைப் பலகாலும் நிரப்பியும் வெறுமையாக்கியும் பதப்படுத்துதற்கு மாதக்கணக்கு ஆயிற்று. நிறைக்கும் ஊற்றின்றி அமைத்த குளம் போன்றது அவர் கண்டுபிடிப்பு!

பிளாந்தே மனந்தளர்ந்தாரல்லர். பல நூறு கலங்களை இணைத்துப் பெருமின்னழுத்தம் பெற்று, மின்னலின் இயல்பை ஆராய்ந்தார். தம் ஆய்வுகளை 1879இல் நூலாக வெளியிட்டார். இதற்கிடையில், 1870ஐ அடுத்த ஆண்டுகளிற் கிராம் என்பாரின் மின்பிறப்பாக்கி வழக்கிற்கு வந்தது, ஊற்றுக் கிடைத்தது. 1881இல் கமீல் போர் என்பார் ஈயவொட்சைட்டுக் குழம்பைத் தகட்டிற் பூசும் முறை கண்டு, பதப்படுத்துங் காலத்தைக் குறுக்கினார். அதன்பின் சேமக்கலம் தொழிற்சாலைகளிற் பெருகியது. தம் கலம் பயன்படக் கண்டபின், 1889ஆம் ஆண்டு மே 21ஆந் திகதி பிளாந்தே மறைந்தார்.

இன்றும் மோட்டார் வண்டியின் இயந்திரத்தை முடுக்குவது பெரும்பாலும் அவ்வீயமும் அமிலமுமே. ஊற்றுத் தோன்றுமுன்னரே குளந்தொட்ட ஒருவருக்கு நாம் கடப்பாடுடையோம். கற்றது பயன்படுங் காலம் எப்பொழுது வரும் என ஏங்கும் இளைஞர் இவர் வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக.