வெறுங்காலில் கிளாஸ்கோவை அசத்திய சலீம்: ரெண்டே மேட்ச்... ஹிட்டா, ஃப்ளாப்பா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பங்குனி வந்தால் கண்மாய் வற்றிவிடும், வற்றிய கண்மாய்தான் கிரவுண்டு. கரிசல் மண் வெடிச்சுக் கிடக்கும், ஓரத்தில் சீமைக்கருவேலம். கோல் போஸ்ட்டுக்கு ரெண்டு செங்கல். யாரிடமும் பூட்ஸ் கிடையாது. செருப்பைக் கழட்டிக் கரையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்க வேண்டியதுதான். ஆட்டம் முடிந்து முள் எடுக்கிற நேரம், ஆடின நேரத்தைவிட அதிகமாக இருக்கும்.

அங்கே ஆட்டம் தொடங்கும் முன்பே பெரிய சண்டை ஒன்று நடக்கும். யார் எந்த டீம்? ஒரு நல்ல ஆட்டக்காரன் எந்தப் பக்கம் போகிறானோ, எதிர்ப்பக்கம் முகம் வாடிவிடும். இது புதுசு இல்லை. 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், பின்னால் மதுரையில் படிக்கும்போது ஃபுட்பால் ஆடுவான். அவன் சேர்ந்த அணி ஜெயித்துவிடும் என்பதால் கூட்டாளிகள் அவனுக்கு 'தங்கக்கை' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அந்தப் பையனை உலகம் ரமண மகரிஷி என்ற பெயரில் அறியும். அவர் கதை வேறு, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தாலே நம்ம டைம்லைன் முழுக்க ஒரே கேள்விதான்: இந்த சைனிங் ஹிட்டா, ஃப்ளாப்பா? 2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது டெல்லி டைனமோஸ், இத்தாலிக்காக உலகக் கோப்பை வென்ற டெல் பியரோவைக் கொண்டுவந்தது. எதிர்பார்ப்பு வானம் வரை போனது. சீசன் முடிவில் அவர் கணக்கில் ஒரே ஒரு கோல். அடுத்த வருஷம் நம்ம சென்னையின் எஃப்சி-யில் கொலம்பியாக்காரர் மென்டோசா 13 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவராக முடித்தார், அணியும் கோப்பையைத் தூக்கியது. வந்தபோது அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்களே இங்கே குறைவு.

இந்த ரெண்டு டப்பாவிலும் அடங்காத ஒரு சைனிங் இருக்கிறது. 1936, ஸ்காட்லாந்து, செல்டிக் கிளப். ஆட வந்தவர் கல்கத்தாக்காரர். பெயர் முகமது சலீம். அவரும் பூட்ஸ் போட மாட்டார்.

யார் இந்த சலீம்?

1904-ல் கல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் பிறந்தவர். ஹூக்ளி ஆற்றங்கரைப் பகுதி அது. பிரிட்டிஷாரிடம் நாட்டைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா குடியமர்ந்ததும் அங்கேதான். நவாப் காலம் முடிந்த பிறகு தையல்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்த ஏரியாவாக மாறியது. சலீம் குடும்பம் வசதியான குடும்பம் இல்லை. பையன் மருந்தாளுநர் வேலைக்குத் தயாரானான், ஆனா மனசெல்லாம் மைதானத்தில் இருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. சலீமுக்கு 7 வயசு இருக்கும்போது, 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டியில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தியது. 11 பேரில் ஒருவர் மட்டும்தான் பூட்ஸ் போட்டிருந்தார். ஆளும் வெள்ளைக்காரப் பட்டாளத்தை வெறுங்காலோடு ஜெயித்த அந்த ஆட்டம், கல்கத்தாவில் ஒரு தலைமுறையையே ஃபுட்பால் பக்கம் இழுத்தது.

1920-களின் நடுவில் கிளப் ஃபுட்பாலுக்குள் வந்த சலீம், ஆரியன்ஸ் உள்ளிட்ட சில கிளப்களில் ஆடிவிட்டு முகமதன் ஸ்போர்ட்டிங்கில் நிலைத்தார். இடம்: வலது விங். அங்கேதான் அவர் வாழ்க்கை சூடு பிடித்தது.

முகமதன் ஸ்போர்ட்டிங் ஏன் முக்கியம்?

கல்கத்தா லீக் 1898-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு 30 வருஷத்துக்கும் மேலாக அந்தக் கோப்பையை எந்த இந்திய அணியும் தொட்டதில்லை. ராணுவ ரெஜிமென்ட்டுகளும் ஐரோப்பியர் கிளப்களும்தான் மாறி மாறி வாங்கும். மோகன் பகானே லீக் பட்டம் வாங்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முகமதன் 1934-ல்தான் முதல் டிவிஷனுக்கு வந்தது. வந்த முதல் வருஷமே சாம்பியன். அதோடு நிற்கவில்லை. 1934, 35, 36, 37, 38 என வரிசையாக 5 முறை. இன்று யாராவது புரமோஷன் வாங்கி வந்து இப்படிச் செய்தால் டாக்குமென்டரி சீரிஸே எடுத்துவிடுவார்கள். அந்த அணியின் வலது ஓரத்தில் ஓடியவர் சலீம்.

கப்பல் ஏறியது எப்படி?

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடியது. பயணச் செலவுக்குப் பணம் திரட்டத்தான் அந்தச் சுற்றுப்பயணம். கல்கத்தாவில் அவர்களுக்கு எதிராக ஆடத் தேர்வானவர்களில் சலீமும் ஒருவர். முதல் ஆட்டத்தில் நன்றாகவே ஆடினார். அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணோம்!

நடந்தது இதுதான். பிரிட்டனிலிருந்து வந்திருந்த ஹாஷிம் என்ற உறவினர் சலீமின் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். நீ இங்கே இருக்க வேண்டிய ஆளே இல்லை, வா போகலாம் என்று கிளப்பிவிட்டார். இவர்கள் கெய்ரோ வழியாக லண்டன் போய், அங்கிருந்து கிளாஸ்கோ சேர்ந்தார்கள். ஏஜென்ட் கிடையாது, ஹைலைட்ஸ் வீடியோ கிடையாது. சலீமுக்கு அப்போது வயசு 32. இன்றைய கணக்கில் 32 வயசு விங்கரை டிரையலுக்குக் கூப்பிடவே கிளப்கள் யோசிக்கும்.

ஹாஷிம் போய்க் கதவைத் தட்டியதும் சின்ன இடத்தில் இல்லை. செல்டிக் அப்போதுதான், 1935-36 சீசனில், ஸ்காட்லாந்து சாம்பியன் ஆகியிருந்தது. அதே சீசனில் அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு ஜிம்மி மெக்ரோரி லீக்கில் மட்டும் 50 கோல் போட்டிருந்தார். மேனேஜர் வில்லி மேலி 1897-லிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர். அவரிடம் போய் ஹாஷிம் சொன்னதன் சாரம்: இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரன் வந்திருக்கான், பார்க்கிறீர்களா? ஒரே ஒரு சின்னச் சிக்கல், அவன் வெறுங்காலில்தான் ஆடுவான்.

மேலி முதலில் சிரித்தாராம். அப்புறம் சரி, ஆடிக் காட்டட்டும் என்றார். அந்த 'சரி'தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். 40 வருஷம் மேனேஜராக இருந்த மனுஷன், அதுவும் சாம்பியன் டீமின் மேனேஜர், கேட்டதும் துரத்திவிட எல்லாக் காரணமும் இருந்தது. கிளப்பின் வரலாற்றையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் ஏழ்மையில் வாடிய ஐரிஷ் குடியேறிகளுக்கு உதவ, பிரதர் வால்ஃபிரிட் என்ற துறவி முன்னின்று தொடங்கிய கிளப் அது. வெளியூர்க்காரன் என்பது அங்கே புதுச் சங்கதி இல்லை.

சலீம் கிளப் ஆட்கள் முன்னால் பந்தோடு தன் வித்தைகளைக் காட்டினார். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் போய்விட்டது. ஆட அனுமதி கிடைத்தது.

ரெண்டு மேட்ச்சில் என்ன நடந்தது?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சோஷியல் மீடியாவில் சலீம் செல்டிக் மெயின் டீமுக்கு லீக் ஆடியதாக அவ்வப்போது பதிவுகள் சுற்றும். அது தப்பு. அவர் ஆடியது அலையன்ஸ் அணிக்கு, அதாவது ரிசர்வ் டீமுக்கு. முதல் அணியின் அதிகாரபூர்வ ஆட்டம் எதிலும் அவர் பெயர் இல்லை. மெயின் டீமில் வலது விங்கில் அப்போது ஜிம்மி டெலானி இருந்தார், கிளப் வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒருவர். அந்த இடத்தைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனா ரிசர்வ் மேட்ச் என்பதால் சாதாரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹாமில்டன் அணிக்கு எதிராக செல்டிக் 5-1 என ஜெயித்தது. ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டனுக்கு எதிராக 7-1. அந்த 7 கோலில் 3 கோல் சலீம் உருவாக்கிக் கொடுத்தவை. மறுநாள் ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை அவரைப் புது மாதிரி இந்திய வித்தைக்காரர் என்ற ரீதியில் தலைப்பு போட்டுக் கொண்டாடியது. பந்து அவர் கால் விரல்களில் எப்படி உருண்டு விரலுக்கு விரல் தாவியது என்று ரசித்து ரசித்து எழுதினார்கள். பெனால்டி கிடைத்தபோது அவரை அடிக்கச் சொன்னார்களாம். கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் வராது, கூட வந்தவர்தான் எல்லாவற்றையும் பேசினார் என்றும் அந்தச் செய்தியில் இருந்தது.

அந்தச் சமயத்தில் எடுத்த ஒரு போட்டோ இன்றும் புகழ்பெற்றது. செல்டிக்கின் பழைய நட்சத்திரமும் அப்போதைய பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி, குனிந்து சலீமின் காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறார். 1936-ஐ நினைத்துப் பாருங்கள். இந்தியா அடிமை நாடு. கல்கத்தாவில் வெள்ளைக்காரர் கிளப்புகள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராகக்கூட முடியாது. இங்கே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மெட்டியாபுரூஸ் பையனின் பாதத்தைக் கையில் பிடித்திருக்கிறார். அந்தப் படத்துக்கு விளக்கம் எழுத வேண்டியதே இல்லை.

பூட்ஸ் இல்லாமல் ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று கேட்கிறீர்களா? நம்ம கண்மாய் அனுபவத்தை இதோடு ஒப்பிட முடியாது. அங்கே எதிராளியும் வெறுங்கால்தான். கிளாஸ்கோவில் மற்ற 21 பேரும் அடிப்பாகத்தில் குமிழ் வைத்த தோல் பூட்ஸ் போட்டவர்கள். பந்து லேஸ் வைத்துக் கட்டிய தோல் பந்து, ஈரமானால் கனம் ஏறும். ஒரு மிதி சரியாக விழுந்தால் சீசனே முடிந்தது. மறுபக்கம், பந்தைத் தொட்டு உணர்கிற அந்த நுணுக்கம் வெறுங்காலில்தான் வரும் என்று அந்தக் கால கல்கத்தா ஆட்டக்காரர்கள் நம்பினார்கள். சலீம் ஆடியதைப் படித்தால் அவர்கள் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

பிறகு ஏன் திரும்பினார்?

வீட்டு ஞாபகம். அவ்வளவுதான். செல்டிக் அவரை சீசன் முழுக்க இருக்கச் சொல்லிப் பார்த்தது. ஜெர்மனியிலிருந்தும் ஓர் அழைப்பு வந்ததாகச் சொல்கிறார்கள். சலீம் எதற்கும் மசியவில்லை, சில மாதங்களிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

கிளப் அவருக்காக ஒரு நிதி ஆட்டம் நடத்தி, டிக்கெட் வசூலில் 5 சதவீதம் தருவதாகச் சொன்னதாகவும், அந்தப் பணத்தை அவர் ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. இணையத்தில் அதற்கு ஒரு பெரிய தொகையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கால டிக்கெட் விலைக்கு 5 சதவீதத்தில் அவ்வளவு வருமா என்று கணக்குப் போட்டால் உதைக்கிறது, அதனால் தொகையை இங்கே எழுதவில்லை.

வேலைக்காகப் பெங்களூரு போய், பிஜி ரூமில் முதல் மாசம் தூங்காமல் கிடந்தவர்களுக்கு சலீமைப் புரியும். நமக்காவது ராத்திரி வீடியோ கால் இருந்தது. அவருக்குக் கடிதம் போய்ச் சேரவே வாரக் கணக்காகும். மொழி தெரியாது, குளிர்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இதை 'வாய்ப்பைக் கோட்டைவிட்டார்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கல்கத்தாவில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தவர் இல்லை. வரிசையாகப் பட்டம் வெல்லும் அணியின் வீரர், அவருக்கென்று ரசிகர் கூட்டம் இருந்தது. 1937 சீசனுக்கு முகமதன் அணிக்கே திரும்பினார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் லீக் அவர்களுக்கே.

அப்போ ஹிட்டா, ஃப்ளாப்பா? செல்டிக் கோணத்தில் பார்த்தால், எந்தக் கோப்பைக்கும் உதவாத ஒரு டிரையல். ரசிகர்கள் கோணத்தில், வேடிக்கை பார்க்க வந்து வாய் பிளந்து போன ரெண்டு ஆட்டங்கள். எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் இவ்வளவு தந்ததால் நான் ஹிட் என்றுதான் சொல்வேன். நீங்கள் மாறுபடலாம்.

வெறுங்கால் காலமும் அவருக்குப் பிறகு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா, பிரான்ஸிடம் 1-2 என்று போராடித் தோற்றது. 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று புரட்டி எடுத்தது. அதற்கப்புறம் பூட்ஸ் கட்டாயம் என்றாகிவிட்டது. ஐரோப்பியக் கிளப்புடன் இந்திய வீரர் ஒருவர் பெயர் பெரிதாகப் பேசப்பட 1999 வரை, பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியில் வந்த கடிதம்

சலீம் 1980-ல் காலமானார். அதற்கு முன், உடம்பு முடியாமல் இருந்த நாட்களில், அவர் மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பாவின் சிகிச்சைக்குப் பணம் தேவை என்று அதில் இருந்தது. உண்மையில் பணம் கேட்பது நோக்கமில்லை, 40 வருஷத்துக்கு முன் ரெண்டு மேட்ச் ஆடிய ஒருவரை அங்கே யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் எழுதினேன் என்று மகன் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

பதில் வந்தது. உறைக்குள் 100 பவுண்டுக்கு ஒரு பேங்க் டிராஃப்ட். மகன் அதைப் பணமாக மாற்றவில்லை, வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டார்.