கால்நடை காத்த மருத்துவர்

முட்டையையும் இறைச்சியையும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும் என்று பெரியோர் கூறுவர். வேகாத முட்டையிலும் இறைச்சியிலும் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். இப்பெயரைக் கேட்போர் சால்மன் மீனை நினைப்பதுண்டு. இது மீனால் வந்த பெயரன்று. ஒரு கால்நடை மருத்துவரால் வந்த பெயர்.

டேனியல் எல்மர் சால்மன் 1850ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1876இல் கால்நடை மருத்துவ டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அப்பட்டம் பெற்றவருள் அவரே முதலாமவர்.

அக்காலத்தில் மாடுகளைத் தாக்கிய நுரையீரல் தொற்றுநோயால் உழவர் பேரிழப்புற்றனர். அரசு 1884இல் கால்நடைத் தொழில் பணியகத்தை நிறுவி, சால்மனை அதன் தலைவராக்கியது. அவர்தம் அயராத முயற்சியால் 1892இல் அந்நோய் அந்நாட்டை விட்டு அகன்றது. விற்பனைக்கு வரும் இறைச்சியை அரசே ஆய்ந்து பார்க்கும் முறையும் அவர் காலத்தில் தொடங்கிற்று.

பன்றிகளும் கொள்ளைநோயால் மடிந்து வந்தன. அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய தியோபால்டு ஸ்மித் என்னும் இளைஞர், 1885இல் நோயுற்ற பன்றிகளிலிருந்து ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். அதுவே நோய்க்குக் காரணம் என இருவரும் கருதினர். உண்மைக் காரணம் ஒரு வைரஸ் என்பது பின்னரே தெரிந்தது. ஆயினும் அவ்வுழைப்பு வீணாகவில்லை. வெப்பத்தால் கொல்லப்பட்ட அந்நுண்ணுயிரிகளைப் புறாக்களுக்குச் செலுத்தினால், உயிருள்ள கிருமிகள் அவற்றைத் தாக்குவதில்லை என்பதை 1886இல் காட்டினர். இறந்த கிருமிகளைக்கொண்டு தடுப்பூசி செய்ய அது வழிவகுத்தது.

1900ஆம் ஆண்டு அந்நுண்ணுயிரி இனத்திற்குச் சால்மொனெல்லா என்று பெயர் சூட்டப்பட்டது. பிரித்தெடுத்தவர் ஸ்மித், பெயரோ தலைவருக்கு வாய்த்தது. சால்மன் 1914இல் மறைந்தார்.

மாணவர்களே! நோயின்றித் தோன்றும் கோழி, பன்றி, மாடு ஆகியவற்றின் குடலிலும் இக்கிருமி வாழும். கண்ணுக்குத் தெரியாத அதனை நன்கு வேகவைக்கும் வெப்பம் கொல்லும். பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும் கத்தியையும் கழுவிய பின்னரே பிற உணவைத் தொடுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
அயராத – சோர்வடையாத
மடிந்து – இறந்து
வாய்த்தது – கிடைத்தது

சிந்தித்து எழுதுக
1. சால்மனும் ஸ்மித்தும் கொண்ட முடிவு பிழையாயினும் அவர்தம் உழைப்பு பயன் தந்தது எவ்வாறு?
2. அந்நுண்ணுயிரிக்கு யார் பெயரைச் சூட்டியிருத்தல் தகும்? காரணம் கூறுக.