பசித்த பாலரும் பள்ளிக்கூடமும்

பட்டாபிராமை அடுத்த ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாய் விளங்கியவர் ஸ்ரீ காமராஜ். 1903-ல் விருதுபட்டியில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையால் படிப்பை விடுத்து அம்மானின் துணிக்கடையில் அமர்ந்தார்.

பிள்ளை பள்ளிக்கு வராவிடில் உபாத்தியாயர் பெற்றோரைக் குறை கூறுவதும், பெற்றோர் விதியை நொந்துகொள்வதும் வழக்கம். இருவரையும் பழியாமல், பசியே தடையென்று காமராஜ் கண்டார். பாதி நாள் படிப்பு, பாதி நாள் குலத்தொழில் என்ற 1953-ம் வருஷத்துத் திட்டத்தை 1954-ல் கைவிட்டார். 1956-ல் பள்ளிகளில் ஏழைப் பாலருக்கு மதிய உணவு அளிக்கச் செய்தார். 1975 அக்டோபர் 2-ல் அவர் காலமானார்.

வராத பிள்ளையைத் தண்டிக்குமுன் அவ்வீட்டு அடுப்பு எரிந்ததா என்று விசாரிப்பது உபாத்தியாயர் கடன். உள்ள கஷ்டத்தை மறையாது உரைப்பது பெற்றோர் கடன்.